மஞ்சள் கறுப்பாக விழுந்த படம்

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து ராகவன் வந்திருந்தான். நான் ஓய்வு பெற்றபோது என் மேஜையும் திருப்புளிகளும் அவனுக்குத்தான் போயின. கையில் ஒரு சின்ன வெல்வெட் பெட்டி. திறந்து காட்டினான். பித்தளை வளையத்துக்குள் மஞ்சள் கண்ணாடி. லென்ஸுக்கு முன்னால் இதை மாட்டினால் ஒவ்வொரு நிறமும் படத்தில் அதனதன் அளவுக்கு வெளுத்தும் கறுத்தும் விழுமாம். கப்பலில் வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லையாம்.

"உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்!" என்றான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உட்காருடா. வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா காபியோட போயிருப்பே. இப்போ கதையும் கேட்டுட்டுத்தான் போகணும்" என்றேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன், எழுதாமல் இனி யாரிடம் சொல்லப்போகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். கடிகாரம் பழுதுபார்க்கும் மாமன் ஒருவர் பின்னால் கல்கத்தாவுக்கு ரயிலேறி வந்தேன். மாமன் ஒரே வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் தங்கிவிட்டேன். தர்மதலாவில் போட்டோ சாமான் விற்கும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே ஒரு ரிப்பேர் மேஜை இருந்தது. கேமரா, தூரதரிசினி, பாரோமீட்டர், பாட்டுப் பெட்டி என்று எது கெட்டாலும் அந்த மேஜைக்குத்தான் வரும். அதன் ராஜா நிபாரண் பாபு. நான் அவருக்குக் கீழே கைவேலைக்காரன்.

நிபாரண் பாபுவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. நெட்டையான மனிதர், முழங்கை வரை மடித்த ஜிப்பா, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு கேமரா வந்தால் முதலில் திருப்புளியைத் தொடமாட்டார். மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பொரி தின்பார். வங்காளத்தில் அதற்கு முடி என்று பெயர். அதைத் தின்றபடியே பார்த்துக்கொண்டிருப்பார். "தெரிந்துவிட்டது பாபு, ஸ்பிரிங் போயிருக்கிறது" என்று நான் குதித்தால் தலையைக்கூடத் தூக்காமல், "ஆரேக் பார் தேக்கோ" என்பார். இன்னொரு தடவை பார் என்று அர்த்தம். அந்த மூன்று வார்த்தையை நான் இருபது வருஷம் கேட்டேன். கழற்றிய ஸ்குரூக்களைப் போட்டுவைப்பதும் அந்தப் பொரிக் கிண்ணத்தில்தான். ஒரு நாள் கடுக்கென்று சத்தம் கேட்டது. பல்லில் ஒரு சில்லு போய்விட்டது. ஸ்குரூவைத் துப்பி எடுத்து, துடைத்து, அது இருந்த இடத்திலேயே முடுக்கிவிட்டு, "ஸ்குரூவுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார் மனுஷர்.

சீமையிலிருந்து உதிரிச் சாமான் வரக் கப்பலில் மாதக்கணக்காகும். அதுவரை வாடிக்கைக்காரர் காத்திருப்பாரா? கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பதுதான் எங்கள் பிழைப்பு. கேமராவின் மடிப்புத் துருத்தியில் ஓட்டை விழுந்தால் இருட்டறையில் அதற்குள் சின்ன விளக்கை இறக்குவோம். ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். துரைசானிகள் கழித்துப்போட்ட கையுறைத் தோலை வெட்டி ஒட்டுவோம். வெறும் மைதாப் பசையில் ஒட்டினால் கல்கத்தாக் கரப்பான் பூச்சி இரண்டே நாளில் துருத்தியை விருந்து சாப்பிட்டுவிடும். அதனால் பசையில் விளக்குக் கரியும் ஒரு சிட்டிகை மயில்துத்தமும் கலப்போம். லென்ஸ் ஓரம் உடைந்திருந்தால் உடைந்த இடத்தில் இந்தியன் இங்க் தடவிக் கறுப்பாக்கினால் போதும், படத்தில் வெளிச்சம் சிதறாது. ஷட்டரை அமுக்கும் ரப்பர் உருண்டை வெயிலில் வெடித்துப்போனால் அத்தர் தெளிக்கும் சீசாவின் உருண்டையைப் பிடுங்கி மாட்டுவோம். அப்படி மாட்டிக்கொடுத்த ஒரு கேமரா, படமெடுக்கும்போதெல்லாம் ரோஜா வாசனை அடித்ததாம். நீதிபதி துரை ஒருவர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கல்யாணமானது இந்த நூற்றாண்டு பிறந்த சமயம். விசாலத்தைப் பவானிபூரில் ஒரு ஒண்டுக்குடித்தனத்துக்கு அழைத்துவந்தேன். பதினேழு வயசு. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாய்? அப்பப்பா. மூன்றே மாதத்தில் மீன்காரனோடு வங்காளத்தில் சண்டை போட்டாள், நாங்கள் மீன் தின்னாத சைவக் குடும்பம் என்பதை மறந்துவிடாதீர்கள். வாசலில் அவன் கூடையைக் கழுவியதற்காகச் சண்டை. ஊரில் இருந்த தன் அம்மாவுக்கு அவள் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதுவேன். அங்கிருந்து மைத்துனன் சாமிநாதன் பதில் எழுதுவான். வருஷத்துக்கு ஒரு தரம் அத்தை பார்சலில் பூசுமஞ்சள் அனுப்புவார். "இங்கே கிடைக்கிறது மஞ்சளே இல்ல, செங்கப்பொடி" என்பாள் விசாலம். தினம் காலையில் குளித்து அந்த மஞ்சளைத்தான் பூசிக்கொள்வாள்.

மூன்று வருஷம் ஊருக்குப் போக முடியவில்லை. நாலாவது வருஷம் விசாலம் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்துப்போக அத்தை தவியாய்த் தவித்தார். ஆனால் ஐந்தாம் மாதத்திலேயே விசாலத்துக்கு உதிரம் கண்டது. ரயில் குலுக்கலில் தாயும் பிள்ளையும் தங்கமாட்டார்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தையும் வர முடியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, கட்டிலோடு கிடந்தார். சாமிநாதன் ஒருத்தன்தான் துணை. அவனும் அந்தக் கட்டிலை விட்டு நகர முடியாது.

ஏழாம் மாதம் வளைகாப்பு நாள் வந்துபோனபோது விசாலம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த மேதாவித்தனமான யோசனை வந்தது. ஆளை அனுப்ப முடியாவிட்டால் படத்தை அனுப்பினால் என்ன? ஸ்டூடியோவுக்குப் போகவேண்டியதில்லை. நானே ஒரு கேமரா செய்து வைத்திருந்தேன். சுருட்டுப் பெட்டியில் உடல், குடைத்துணியை இரட்டையாகத் தைத்த துருத்தி, இரண்டு கண்ணாடியை எமரித் தூளும் தண்ணீரும் விட்டு உரசி உரசி நானே மங்கலாக்கிய திரை, ஓரம் உடைந்து கம்பெனி கழித்த லென்ஸ். நிபாரண் பாபுவே அதைப் பார்த்துவிட்டு மூன்று நிமிஷம் பொரி தின்றவர்.

வெள்ளிக்கிழமை காலை. விசாலம் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அம்மா படம் பார்க்கப் போகிறாளே என்று வழக்கத்தைவிட அதிகமாக மஞ்சள் பூசி, மொட்டைமாடியில் வந்து நின்றாள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் பின்சுவரின் செங்கல் கோடுகளைத் துல்லியமாக்கிக்கொண்டிருந்தேன். பிறகு லென்ஸ் மூடியை எடுத்து, ஒன்று எண்ணி, மூடினேன். அந்த ஒன்று எண்ணும் நேரம் பார்த்து அவள், "ஏங்க, பால் பொங்குது!" என்று வாயைத் திறந்தாள். நான் அடுப்பை அணைக்கக் கீழே ஓடினேன்.

படத்தைக் கழுவி அச்சடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல் செங்கலாக எண்ணலாம்! விசாலம் வாங்கிப் பார்த்தாள்.

"இது யாருங்க?"

"யாரா? நீதான்."

"நானா? மூஞ்சி கரிச்சட்டி மாதிரியில்லா இருக்கு."

"படம்னா அப்படித்தான் இருக்கும். செங்கலைப் பாரு."

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. அன்றைக்கே தபாலில் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் சாமிநாதனிடமிருந்து பதில் வந்தது. கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "அத்தானுக்கு வணக்கம். அம்மாள் படத்தைப் பார்த்த நாள் முதல் கஞ்சியும் குடிப்பதில்லை. 'இது என் பிள்ளை இல்ல, கல்கத்தாவில பிளேக்குங்காகளே, எம் பிள்ளை போய்ச் சேந்துட்டா, அவரு வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டு அவ படத்தை அனுப்பியிருக்காரு' என்று ஓயாமல் அழுகிறாள். கடிதம் வருகிறதே என்றால், 'கடுதாசி அவரு கையெழுத்துதான' என்கிறாள். தலைப்பிரசவத்துக்கு அனுப்பாததற்கும் அதுதான் காரணம் என்கிறாள். வைத்தியர் அதிக நாள் சொல்லவில்லை. அத்தான், எனக்கும் அந்த முகம் அடையாளம் தெரியவில்லை. எதுவானாலும் உண்மையை எழுதிவிடுங்கள்."

கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். கறுப்பு ஒரு குற்றமா? நானே அண்டங்காக்கை நிறம்தான். ஆனால் பெற்றவள் தேடிய முகம் அதில் இல்லையே. உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளை என் படம் கொன்றுவிட்டது. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. படித்துக் காட்டினேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு, "நான் இருக்கேன்னு எப்படிங்க எங்க அம்மைக்குச் சொல்லுதது?" என்று கேட்டாள்.

மறுநாள் வெட்கத்தை விட்டு நிபாரண் பாபுவிடம் படத்தைக் காட்டினேன். துர்கா பூஜைக்கு முந்தின மாதம். பூஜையைப் படமெடுக்க ஊரே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் சமயம், மேஜையில் இடமில்லை. அவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பொரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் லென்ஸ் என்றேன், வெளிச்சம் போதவில்லை என்றேன், மருந்து பழசு என்றேன். "ஆரேக் பார் தேக்கோ." கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பௌமா முகத்தில் என்ன பூசியிருந்தாள்?"

மருமகள் முறைக்கு அங்கே பௌமா என்பார்கள். விசாலத்தை அவர் அப்படித்தான் சொல்வார். "மஞ்சள், பாபு. தினமும் பூசுவதுதான்."

"தினமுமா? எங்கள் பெண்கள் கல்யாணத்தன்று ஒருநாள் பூசிக்கொள்வார்கள். ஸ்டூடியோவுக்கு அப்படியே வந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்." நெற்றியில் அடித்துக்கொண்டார். "செங்கலைப் பார்த்தாயே ஷுந்தரேஷ், பெண்டாட்டியைப் பார்த்தாயா?" ஷுந்தரேஷ் என்பது வங்காள நாக்கில் என் பெயர்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் படம் பிடிக்கும் கண்ணாடித் தகடுகளுக்கு நீலம் என்றால் வெள்ளை, மஞ்சள் என்றால் இருட்டு. மஞ்சள் பூசிய முகம் அதன் கண்ணுக்குக் கரி பூசிய முகம். மேஜையில் பத்து வருஷம் உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். வீட்டில் தினம் பார்க்கிற முகத்தில் மஞ்சள் இருக்கிறது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

சரி, சுலபமான வழி இருக்கிறதே என்று வீட்டுக்கு ஓடினேன். "முகத்தை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா, வேற படம் எடுத்திரலாம்."

விசாலம் எழுந்திருக்கவே இல்லை. "எங்க அம்மை அனுப்புன மஞ்சளை அழிச்சிட்டு, வெறும் மூஞ்சியவா அம்மைக்கு அனுப்பச் சொல்லுதீக?"

"படத்துல மஞ்சள் தெரியவா போகுது?"

"அவளுக்குத் தெரியும். பூசாத மூஞ்சி எப்படி இருக்கும்னு பெத்தவளுக்குத் தெரியாதா? மஞ்சளில்லாமப் பாத்தா உங்களுக்குத்தான் என்னமோ ஆயிட்டுன்னு வேற அழுவா. வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. உயிர் போகிற நேரத்தில் பிடிவாதமா என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகு, அவள் சொன்னதுதான் நியாயம் என்று பட்டது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நிபாரண் பாபு வழி சொன்னார். தகட்டுக்கு மஞ்சளைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், நீலத்தைக் கொஞ்சம் மறைக்கவும் வேண்டும். முதலாவதுக்கு எரித்ரோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஒரு சிட்டிகை பொட்டலம் கட்டிக்கொடுத்தார். ஒரு கிண்ணம் தண்ணீரில் அதைக் கரைத்து, நாலு சொட்டு அமோனியா விட்டு, இருட்டறையில் தகட்டை இரண்டு நிமிஷம் ஊறப்போட்டு உலர்த்த வேண்டும். இரண்டாவதுக்கு மஞ்சள் கண்ணாடி வேண்டும். கம்பெனியில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் துரையின் பூட்டுக்குள்.

"உன் வீட்டில் மஞ்சளாக என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பொரிக்குத் திரும்பிவிட்டார். எனக்குப் பொறி தட்டியது.

புதுத் தகடு ஒன்றை வெளிச்சம் காட்டாமலேயே படம் கழுவும் ஹைப்போ உப்புக் கரைசலில் போட்டால் மேல்பூச்சு கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். சமையல் மஞ்சளை ஸ்பிரிட்டில் கரைத்து, ஒற்றுத்தாளில் வடிகட்டி, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, அதில் அந்தத் தகட்டை ஊறவைத்தேன். எடுத்துப் பிடித்தால் எலுமிச்சை நிறத்தில் தகதகவென்று மின்னியது. விசாலம் அதன்வழியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு சிரித்தது அன்றைக்குத்தான்.

"என் மூஞ்சியக் கரியாக்குனதும் மஞ்சள், சரியாக்கப் போறதும் மஞ்சளா?"

"முள்ளை முள்ளாலதான எடுக்கணும்" என்றேன்.

தகட்டுக்குச் சாயம் ஏற்றுவதில்தான் பிராணன் போயிற்று. புரட்டாசி ஈரம். விறகறையின் சந்துகளையெல்லாம் தாள் ஒட்டி அடைத்து, பிஸ்கட் டின்னில் மூன்று மடி சிவப்புத் துணி கட்டிய விளக்கோடு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உள்ளேயே வெந்தேன். முதல் இரண்டு தகடுகள் உலரவே இல்லை, பூச்சு பாகாக வழிந்தது. அடுத்த இரண்டில் தேமல் மாதிரித் திட்டு விழுந்தது. அடுத்த இரண்டையும் அலமாரியில் நிறுத்திவைத்தேன், மறுநாள் காலையில் கரப்பான் பூச்சி பாதியைத் தின்றிருந்தது. ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு தகடு. ஒன்று மஞ்சள் கண்ணாடியாகிவிட்டது, ஆறு போயிற்று. இதற்கிடையில் சாமிநாதனிடமிருந்து ஒரு வரிக் கார்டு. "அம்மாள் பேச்சைக் குறைத்துவிட்டாள்." நான் விறகுமேல் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டேன்.

விசாலம் வாசலில் நின்று கேட்டாள். "உலரணும், அவ்வளவுதான? நம்ம தகரப்பெட்டிக்குள்ள சுண்ணாம்புக்கல்லப் போட்டு மூடுங்க. நீத்தாத சுண்ணாம்புக்கல்லு தண்ணி குடிக்கும்லா?"

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். பத்து வருஷ அனுபவசாலிக்கு இது தோன்றவில்லை. கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த தகரப்பெட்டியைக் காலிசெய்து, அடியில் சுண்ணாம்புக்கல், அதன்மேல் தூள் பறக்காமல் மல்துணி, மேலே கம்பியில் தகடுகள். மூடிவைத்து ஆறுமணி நேரம் கழித்துத் திறந்தால் பட்டு மாதிரி உலர்ந்திருந்தன. கரப்பான் பூச்சி வெளியே சுற்றிச் சுற்றி வந்தது, பாவம்.

மறுநாள் வானம் வெளுத்தது. மஞ்சள் கண்ணாடி வெளிச்சத்தைத் தின்றுவிடும், அதனால் ஒன்று எண்ணினால் போதாது, எட்டு எண்ண வேண்டும். நிறைமாதத்தை நெருங்குகிறவள் எட்டு எண்ணும் வரை அசையாமல் இருக்கவேண்டும். நாற்காலியின் பின்னால் குடைக்காம்பைக் கட்டித் தலைக்கு முட்டுக்கொடுத்தேன். இந்தத் தடவை செங்கலைப் பார்க்கவில்லை. அவள் இடது புருவத்தில் சின்ன வயசில் படியில் விழுந்த தழும்பு ஒன்று உண்டு, அதைப் பார்த்துத் துல்லியமாக்கினேன். மூடியை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... கண் இமைக்கவில்லை அவள். எட்டு எண்ணி மூடியதும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"என்ன விசாலம், இடுப்பு வலிக்குதா?"

"இல்லீங்க. அந்த வட்டத்துக்குள்ள இருந்து எங்க அம்மை பாக்குதது மாதிரி இருந்துச்சு."

படத்தை முதலில் நிபாரண் பாபுவிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் அந்த மூன்று வார்த்தைக்குக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் படத்தைப் பார்த்து, "பௌமா" என்றார். அவ்வளவுதான். என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பட்டம் அந்த ஒரு சொல்தான்.

சாமிநாதனின் பதில் வந்த அன்று விசாலம் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் படித்தேன். அத்தை படத்தை வாங்கி வெகுநேரம் வைத்துப் பார்த்தாராம். புருவத் தழும்பின்மேல் விரலை வைத்தாராம். "ஏளா, வந்துட்டியா" என்றாராம். பிறகு கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

உறைக்குள் இன்னொன்றும் இருந்தது. முதலில் நான் அனுப்பிய படம். அதைப் பற்றிச் சாமிநாதன் எழுதியிருந்தான்: "அம்மாளிடம் இரண்டும் அக்காதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பழைய படத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, 'இவளும் யாரோ பெத்த பிள்ளைதான. படம் மாறி இங்க வந்துட்டு. இவ அம்மைக்காரி யாருன்னு விசாரிச்சு அனுப்பிரச் சொல்லு. பாவம், பிள்ளையக் காணாமத் தேடிக்கிட்டு இருப்பா' என்கிறாள்."

விசாலம் முதலில் சிரித்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அத்தை ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். பெண் குழந்தை பிறந்த செய்தி மட்டும் அவருக்கு எட்டியது. தாயும் மகளும் கடைசிவரை நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ராகவனிடம் இவ்வளவுதான் சொன்னேன். அவன் வெல்வெட் பெட்டியைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனான். போகுமுன் என் மஞ்சள் கண்ணாடியைக் கேட்டான், காட்டினேன். மஞ்சள் சாயம் வெயிலுக்கு நிற்காது. எப்போதோ வெளுத்து வெறும் கண்ணாடியாகிவிட்டது.

அவனிடம் சொல்லாதது இது. விசாலம் போய் மூன்று வருஷம் ஆகிறது. எட்டு எண்ணி எடுத்த படத்தைப் பிள்ளைகள் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். நல்ல படம், என் கைவேலையில் அதைவிடச் சுத்தமான படம் கிடையாது. ஆனால் அதில் அவள் பார்ப்பது என்னை இல்லை, அவள் அம்மாவை. நான் அதன் முன்னால் நிற்பதில்லை.

என் தலையணைக்கு அடியில் இருப்பது மற்றது. முகம் முழுக்கக் கரி. பல்லும் கண்ணும் மட்டும் பளிச்சென்று வெள்ளை. என்னைப் பார்த்து, பால் பொங்குது என்று சொல்ல வாயைத் திறந்தவள், ஒன்று எண்ணுவதற்குள் மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறாள். தினம் காலையில் எடுத்துப் பார்க்கிறேன். எனக்கு அவள் வேண்டும், வேறென்ன சொல்ல. அடுப்பை அணைக்கப் போகாமல் அன்றைக்கு அவளோடு இன்னும் ஒரு நிமிஷம் மாடியில் நின்றிருக்கலாம்.

அத்தை, இந்தப் பெண்ணைக் காணாமல் ஒரு ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்களே, அது சரிதான். படம் சேரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.